ட்ரோன் போர்டு 'போய்விட்டது' என்று முடிவு கட்டும் முன்...

நெல் நடவு முடிந்ததும் களை முளைக்கும் முன் தெளிக்க வேண்டிய களைக்கொல்லிக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களைத் தவறவிட்டால் மருந்துக்கும் தெளிப்புக்கும் செய்த செலவுதான் மிச்சம். நேற்று வரை ஒழுங்காகப் பறந்த ட்ரோன், இன்று லேப்டாப்பில் இணைத்தால் 'கனெக்ட்' ஆகாமல் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், "போர்டு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் போர்டு கெடாமல், அதற்குள் இருக்கும் மென்பொருளோ லேப்டாப்பில் இருக்க வேண்டிய டிரைவரோ மட்டும் சிக்கலில் இருக்கலாம்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் வழங்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. செலவில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதித் தொகைக்குக் கடன் வாங்கிய ஒரு குழுவுக்கு ட்ரோன் ஒரு வாரம் மூலையில் கிடந்தாலும் அது நேரடி நஷ்டம். எனவே பழுதை நீங்களே சரிசெய்யாவிட்டாலும், அது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வது ஆர்டுபைலட் மென்பொருளில் இயங்கும் பிக்ஸ்ஹாக் வகைப் போர்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். தெளிப்பு ட்ரோன்களில் பல, தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள் கொண்ட மூடிய போர்டுகளுடன் வருகின்றன. அவற்றில் கை வைக்க வேண்டாம். வகைச் சான்றிதழ் பெற்ற ட்ரோன் என்றால், தயாரிப்பாளர் கொடுக்காத மென்பொருளை ஏற்றுவது சான்றிதழையும் உத்தரவாதத்தையும் கேள்விக்குள்ளாக்கும். எந்த வகையானாலும், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள்; பறக்கும் பேட்டரியை இணைக்காதீர்கள். யுஎஸ்பி மின்சாரம் மட்டும் போதும்.

போர்டு எப்படி விழித்தெழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மின்சாரம் வந்ததும் அதில் உள்ள எஸ்டிஎம்32 என்ற சில்லில் முதலில் ஓடுவது 'பூட்லோடர்' என்ற சிறு நிரல். அது சில விநாடிகள் காத்திருந்து, "புதிய மென்பொருள் ஏற்ற யாராவது வருகிறார்களா?" என்று பார்க்கும். யாரும் வராவிட்டால், ட்ரோனைப் பறக்கவைக்கும் 'ஃபர்ம்வேர்' என்ற முக்கிய மென்பொருளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். மோட்டார் பம்புசெட்டின் ஸ்டார்ட்டரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் பழுதானால் மோட்டார் நன்றாக இருந்தும் ஓடாது. மோட்டார் பழுதானால் ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுந்தும் தண்ணீர் வராது.

சோதனையைக் கேபிளில் இருந்து தொடங்குங்கள். செல்போன் சார்ஜ் செய்யும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் கம்பிகள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், லேப்டாப் மட்டும் கண்டுகொள்ளாது. அந்தக் கேபிளில் ஒரு செல்போனை இணைத்து அதன் புகைப்படங்கள் லேப்டாப்பில் தெரிகின்றனவா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அடுத்து போர்டின் யுஎஸ்பி துளை. தெளிப்பு ட்ரோன்களுக்கு இது பெரிய பலவீனம். தாமிரப் பூஞ்சாணக் கொல்லி படிந்த ஈரம் அங்கே புகுந்தால் பச்சை பூத்துவிடும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே இணைக்க வேண்டும். ஜிபிஎஸ், ரேடார், ரிசீவர் எல்லாவற்றையும் மாட்டியபடி இணைத்தால் சாதாரண யுஎஸ்பி துளை தரும் 500 மில்லி ஆம்பியர் போதாமல் போகலாம். அவற்றைக் கழற்றிவிட்டு, ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள்.

கேபிள் சரி என்றால், விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திரையைத் திறந்து வைத்துக்கொண்டு போர்டை இணையுங்கள். 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'காம்' என்று தொடங்கி ஒரு எண் வர வேண்டும். அது ஒருமுறை தோன்றி, சில விநாடியில் மறைந்து, வேறு எண்ணோடு மீண்டும் தோன்றினால் பயப்பட வேண்டாம். முதலில் வந்தது பூட்லோடர், பிறகு வந்தது ஃபர்ம்வேர். இரண்டுக்கும் வேறு வேறு அடையாளம் இருக்கலாம் என்பதால் எண்ணும் மாறலாம். போர்டு நலமாக இருக்கிறது. மிஷன் பிளானரில் எண்ணை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால், கியூகிரவுண்ட்கன்ட்ரோல் போன்ற இன்னொரு மென்பொருள் அதே வழியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதை மூடுங்கள்.

மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'தெரியாத சாதனம்' என்று வந்தால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் 10, 11-ல் இந்தப் போர்டுகளுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7-ல் நாம்தான் நிறுவ வேண்டும். மிஷன் பிளானரை நிறுவும்போது கேட்கும் டிரைவர் அனுமதியை மறுத்துவிட்டு, பிறகு திண்டாடுபவர்கள் உண்டு. தொலைத்தொடர்பு ரேடியோவுக்கு இது பொருந்தாது. அதில் சிபி2102, எஃப்டிடிஐ போன்ற தனிச் சில்லுகள் இருப்பதால் அவற்றுக்குரிய டிரைவர் வேண்டும். ரேடியோ வழியாக இணைக்கும்போது வேகம் பொதுவாக 57600, யுஎஸ்பி என்றால் 115200. ரேடியோ வழியாக ஃபர்ம்வேர் ஏற்ற முடியாது.

பூட்லோடர் மட்டும் வந்து, அடுத்த கட்டத்துக்குப் போகாமல் விளக்கு வேகமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஃபர்ம்வேர் பழுதடைந்திருக்கிறது. மென்பொருள் ஏற்றும்போது கேபிள் அசைந்தாலோ லேப்டாப் அணைந்தாலோ இப்படி ஆகும். மிஷன் பிளானரில் 'கனெக்ட்' பொத்தானை அழுத்தாமல் நேராக ஃபர்ம்வேர் நிறுவும் பக்கத்துக்குப் போய், போர்டைக் கழற்றி மாட்டச் சொல்லும்போது கழற்றி மாட்டினால், அந்தச் சில விநாடி இடைவெளியில் அது பூட்லோடரைப் பிடித்துக்கொள்ளும். போர்டின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஒரே மாதிரி தெரியும் இரு போர்டுகளுக்கு வேறு வேறு கோப்புகள் இருக்கும்.

பூட்லோடரே அழிந்திருந்தாலும் வழி உண்டு. சில்லைத் தயாரிக்கும்போதே, அழிக்க முடியாதபடி இன்னொரு பூட்லோடரை உள்ளே வைத்துவிடுகிறார்கள். போர்டில் உள்ள 'பூட்' பொத்தானை அழுத்தியபடி யுஎஸ்பியை இணைத்தால் அது விழிக்கும். இந்த நிலைக்கு டிஎஃப்யூ என்று பெயர். எஸ்டிஎம்32 கியூப் புரோகிராமர் மென்பொருளைக் கொண்டு, பூட்லோடரும் ஃபர்ம்வேரும் சேர்ந்த ஹெக்ஸ் கோப்பை ஏற்றலாம். மிஷன் பிளானர் பயன்படுத்தும் ஏபிஜே கோப்பு இதற்கு ஆகாது. சில போர்டுகளில் பூட் பொத்தான் வெளியே இருக்காது. அவை அனுபவம் உள்ளவர் கைக்குப் போக வேண்டியவை.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. டிஎஃப்யூ நிலைக்கும் தனி டிரைவர் வேண்டும். அதற்காகப் பலர் 'ஸாடிக்' என்ற சிறு மென்பொருளைப் பரிந்துரைக்கிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் பட்டியலில் 'எஸ்டிஎம்32 பூட்லோடர்' என்ற பெயரை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பின் மவுஸோ கீபோர்டோ வேலை செய்யாமல் போகும். டிஎஃப்யூ நிலையிலும் லேப்டாப் எதையும் காட்டவில்லை என்றால், அப்போதுதான் போர்டின் மின்பகுதியைச் சந்தேகிக்கலாம். புதுப் போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன், "டிஎஃப்யூவில் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

உயிர் பிழைத்த போர்டுதான், என் கணக்கில், செத்த போர்டைவிட ஆபத்தானது. சில்லை முழுவதும் அழித்து ஏற்றும்போது, பல போர்டுகளில் அளவீட்டு அமைப்புகளும் சேர்ந்து அழியும். பிக்ஸ்ஹாக் வகையில் அவை பெரும்பாலும் தனிச் சில்லில் இருப்பதால் தப்பலாம், நம்பிக்கொண்டிருக்க முடியாது. மோட்டார் வரிசை, பேட்டரி குறைந்தால் திரும்பும் ஏற்பாடு, ரிமோட் தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை எல்லாம் அந்த அமைப்புகளில்தான் இருக்கின்றன. 10 லிட்டர் மருந்தோடு பறக்கும் இயந்திரம் இவை இல்லாமல் ஆட்கள் நிற்கும் வரப்புக்கு மேலே போகக் கூடாது. ட்ரோன் நன்றாக ஓடும்போதே மிஷன் பிளானரின் முழு அளவீட்டுப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து, குழுவின் செல்போனிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். களப் பணியாளர்கள் பயிற்சி நாளிலேயே இதைச் செய்யவைத்துவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

பழுது நீக்கி வாங்கும்போது எந்தப் பதிப்பு ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். முடுக்கமானி, திசைகாட்டி, ரிமோட் மூன்றையும் மீண்டும் அளவீடு செய்ய வேண்டும். இறக்கை இல்லாமலே ஒவ்வொரு மோட்டாராகச் சுழற்றி, வரிசையும் சுழலும் திசையும் சரியா என்று பார்த்த பிறகு, ஆளில்லாத தரிசு நிலத்தில், தொட்டி காலியாக, ஆள் உயரத்துக்கு எழுப்பி நிறுத்துங்கள். அது நிலையாக நின்றால் அடுத்து வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு சுற்று. மருந்து அதற்குப் பிறகுதான்.