வாயை மட்டும் அசைத்த சிறுவன்

குருப்பட்டம் பெற்ற புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கெனத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்து வந்தோம். முப்பது பிள்ளைகளின் குரலுக்கிடையே ஒரு குரல் மட்டும் கனத்து, சுருதியினின்று விலகி ஒலித்தது. விழாவோ நெருங்கிவிட்டது, நம் பொறுமையும் குறைந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் படித்த அந்தச் சிறுவனை அருகில் அழைத்து, "தம்பி, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றோம். அவன் தலையாட்டினான். விழாவன்று பாடல் மிகச் சிறப்பாக அமைந்ததென எல்லாரும் பாராட்டினர்.

ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழிந்தன. அவர் வேலையின் பொருட்டுக் குடும்பத்துடன் நாம் இப்போது பணிபுரியும் பங்கிற்கு வந்து, தம் மகளை நம் பள்ளியில் சேர்த்தார். ஞாயிறு திருப்பலியில் கோவிலே சேர்ந்து பாடும் வேளையில் அவர் உதடுகள் மட்டும் மூடியிருந்தன. ஒருநாள் திருப்பலி முடிந்தபின், "ஏன் நீங்கள் பாடுவதில்லை?" என்று வினவினோம். "எனக்குப் பாட வராது, சாமி. நீங்கள்தானே அன்றைக்கே சொன்னீர்கள்!" என்று சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை.

தவறு யாருடையது?

அச்சிறுவன் ஏன் அவ்வாறு பாடினான் என்பதை மிகப் பின்னரே அறிந்தோம். வளர்ந்த ஆணின் குரல் குழந்தையின் குரலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்ந்தது. நாம் நமக்கு ஏற்ற சுருதியில், நம் கனத்த குரலில் பாடிக் காட்டினோம். மற்றப் பிள்ளைகள் அதனை மேல் ஸ்தாயிக்கு மாற்றிப் பாடினர். இவனோ ஆசிரியர் பாடியதை அப்படியே பாட முயன்று, தன் குரல் எட்டாத ஆழத்துக்கு இறங்கித் தவித்தான். உண்மையில் எல்லாரிலும் உன்னிப்பாக நம்மைப் பின்பற்றியவன் அவனே!

இசையொலிகளை வேறுபடுத்தி உணரவே இயலாதவர் மிகச் சிலரே. ஏனையோருக்குச் சுருதி என்பது எழுத்தைப் போலப் பழகப் பழகக் கைவருவது. முதல் வகுப்பில் 'அ' எழுதக் கை கோணினால், "இவனுக்கு எழுத்து வராது" என்று எந்த ஆசிரியரும் பலகையைப் பிடுங்குவதில்லை. பாட்டில் மட்டும் அக்கொடுமையைச் செய்யத் துணிகிறோம்.

ஒரு துறவி கண்ட வழி

இக்கவலை நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன், இத்தாலியின் அரெத்சோ நகரில் ஆலயப் பாடகர்களைப் பயிற்றுவித்த குயிதோ என்னும் துறவி இதே கவலையில் உழன்றார். பத்தாண்டு பயின்றும் பாடகர்கள் தாமாக ஒரு பாடலைப் பாட இயலாதிருந்தனர். அவர் அவர்களைக் குறை கூறவில்லை. கற்பிக்கும் முறையை மாற்றினார். புனித திருமுழுக்கு யோவானைப் போற்றும் இலத்தீன் பாடல் ஒன்றின் முதல் ஆறு அடிகளும் ஒவ்வொரு படியாக உயர்ந்து தொடங்குவதைப் பயன்படுத்தி, அவற்றின் முதல் அசைகளான உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பவற்றைச் சுரங்களின் பெயராக்கினார். அதன் பயனாக ஓரிரு ஆண்டுகளில் பாடகர் உருவாயினர். இச்செய்தி கேட்ட திருத்தந்தை 19-ஆம் யோவான் அவரை உரோமைக்கு அழைத்து, அம்முறையைத் தாமே பயின்று பார்த்தார்.

அதே அசைகளை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் அம்மையாரும், அவர் வழியைச் செப்பனிட்ட போதகர் ஜான் கர்வெனும் ஏழை எளிய பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்கக் கையாண்டனர். அங்கிருந்து அதனை ஏற்று வளர்த்தவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்தான் கோதாய் (1882–1967). ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டிய அவர், குழந்தைக்கு முதல் இசைக்கருவி அதன் குரலே என்றும், முதற்பாடல் தாய்மொழிப் பாடலே என்றும் வலியுறுத்தினார். அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950-ஆம் ஆண்டு, நாள்தோறும் பாட்டுக் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி தோன்றிற்று.

நம்மிடமோ ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு சுரங்களும், புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசையும், பாட்டிமார் தந்த தாலாட்டும் கும்மியும் உள்ளன. நம் சபையின் மகனான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இயற்றிய கீர்த்தனைகளும் உள்ளன. செல்வம் வீட்டிலிருக்க, பிள்ளைகளை வறியவராக்கலாமா?

திருச்சபையின் விருப்பம்

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 115-ஆம் எண், குருமடங்களில் மட்டுமன்றிக் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசைப்பயிற்சிக்குச் சிறப்பிடம் தர வேண்டுகிறது. 119-ஆம் எண், மறைபரப்பு நாடுகளில் அவ்வம்மக்களின் சொந்த இசையைப் பள்ளியிலும் வழிபாட்டிலும் வளர்க்கக் கேட்கிறது. எனினும் சில பெற்றோர் நம்மிடம் வந்து, "பாட்டு வகுப்புக்குப் பதில் கணக்குச் சொல்லித் தரலாகாதா?" எனக் கேட்கின்றனர். கணக்கு வேண்டும், மிகவும் வேண்டும். ஆயின் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தட்டி, விரல் எண்ணி, வீசிப் பாடும் பிள்ளை, எண்ணவும் கற்கிறது. பிறருக்காகக் காத்திருக்கவும் கற்கிறது. ஒருவர் ஓடி ஒருவர் பின்தங்கினால் பாட்டு இல்லை. கூடி வாழ்வதற்கு இதைவிட எளிய பாடம் ஏது?

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிட நாள்தோறும் பத்து நிமிடம் நன்று. ஒலிபெருக்கியும் மின்னிசைப் பெட்டியும் வேண்டா. சுருதிப்பெட்டி ஒன்று போதும். தோழனைக் கூவி அழைக்கையில் குழந்தையின் குரல் எந்த உயரத்தில் ஒலிக்கிறதோ அங்கிருந்து தொடங்குக. ஆண் ஆசிரியர் தாம் ஓரடி பாடியபின், நன்கு பாடும் பிள்ளை ஒன்றைப் பாடச் செய்து, மற்றவரைப் பின்தொடரச் செய்க. சுருதி தவறும் பிள்ளையை வரிசையினின்று நீக்காது, அப்பிள்ளையின் அருகில் அமர்த்துக. கத்திப் பாடச் சொல்லாது, கேட்டுப் பாடச் சொல்க. பெற்றோரே, மாலைச் செபத்தின் முடிவில் ஒரு பாடலை வீட்டார் அனைவரும் சேர்ந்து பாடுங்கள். உங்கள் குரல் இனிமையானதா என்று குழந்தை ஆராய்வதில்லை.

எருசலேம் கோவிலில் ஆர்ப்பரித்த சிறுவரைக் கண்டு தலைமைக் குருக்கள் சினந்தனர். ஆண்டவரோ சிறுவர் பக்கம் நின்றார் (மத் 21:15-16). அவ்வசனத்தை வாசிக்கும்போதெல்லாம், அன்று நாம் எப்பக்கம் நின்றோம் என்பது நினைவுக்கு வருகிறது.

அந்தத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சாமி" என்றார். அவருடைய மகள் முதல் வகுப்பில் நாள்தோறும் பாடுகிறாள். மாலைச் செபத்தில் அவளோடு சேர்ந்து அவரும் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியிருப்பதாக அவருடைய துணைவியார் கூறினார். கோவிலில் அவர் உதடுகள் இன்னும் திறக்கவில்லை. காத்திருக்கிறோம்.