உஷார்! குட்டி திடீரென்று கால் இழுக்கிறதா? மாத்திரையைக் கீழே வையுங்கள்

இரவு பத்து மணிக்கு என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஹால் முழுக்க ஓடிய பூரி, மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்டால் முதலில் கதவுக்குப் போவது அதுதான். அன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. வால் ஆடியது. முன்கால் இரண்டையும் ஊன்றி எழப் பார்த்தது. பின்பாதி டைல்ஸில் ஈரச் சாக்கு மாதிரி இழுபட்டது. இடுப்பில் கை வைத்துத் தூக்கினேன். வீல் என்று ஒரு அலறல். நாலரை மாத லாப்ரடார் குட்டி. உப்பிக்கொண்டு வந்து நின்றதால் மகள் வைத்த பெயர் பூரி.

அதற்கடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் செய்த காரியங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "சுளுக்கா இருக்கும் தம்பி, வெந்நீர் ஒத்தடம் குடு" என்றார். மாடி வீட்டு அக்காவுக்குச் சந்தேகமே இல்லை: "கால்சியம் கம்மிதான். டானிக் ஊத்துங்க, காலையில வெயில்ல விடுங்க." மச்சானுக்குப் போன் போட்டால், "வலி மாத்திரை பாதி குடுங்க மாமா, எங்க நாய்க்கு அப்படித்தான் குடுத்தேன்" என்கிறான். என் முதுகு வலி மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது. பாதியை நுணுக்கி நெய்யில் குழைத்தேன். மகள் பூரியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் எச்சில், ஒரு விரலில் பல் பட்ட கீறல். நல்ல வேளை, பூரி தலையைத் திருப்பி அத்தனையையும் துப்பிவிட்டது. அன்று காலை எங்கள் வீட்டில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

அந்த அட்டையில் இருந்தது டைக்ளோஃபெனாக். கால்நடைகளுக்குப் போட்ட இந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதால் 2006-ல் இந்திய அரசு கால்நடை மருத்துவத்தில் அதைத் தடை செய்தது. நாய்க்கும் அது ஆகாது. இப்யூப்ரோஃபெனும் அப்படியே, இரண்டும் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தில் கை வைக்கும். பாராசிட்டமால் குழந்தைக்கே கொடுக்கிறோமே என்பீர்கள். அளவு கொஞ்சம் தப்பினால் நாயின் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கிற மருந்து அது.

ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் போனோம். டாக்டரம்மா பூரியைத் தொடவே இல்லை. முதலில் கையுறை மாட்டிக்கொண்டார். பிறகு மூன்று கேள்விகள். "தெருநாய் ஏதாவது கடிச்சுதா? வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சா? இன்னிக்கு யாராவது இது வாயில கைய விட்டீங்களா?"

மகள் தன் விரலைப் பார்த்தாள். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது.

வெறி நோய் என்றால் எச்சில் ஒழுகக் குரைத்துக்கொண்டு கடிக்க வரும் நாய்தான் நமக்கு நினைவுக்கு வரும். சத்தமே இல்லாமல் வருகிற வகையும் உண்டு. கால் துவளும், தாடை தொங்கும், குரல் மாறும், தண்ணீரை விழுங்க முடியாது. 'தொண்டையில் எலும்பு மாட்டிக்கிச்சு போல' என்று நினைத்து வீட்டில் இருப்பவர்கள் வாய்க்குள் கையை விடுவது இங்கேதான். அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்னாலேயே எச்சிலில் கிருமி வந்துவிடும். மனிதருக்கு நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் காரணம் தெரியாமல் குட்டிக்குக் கால் விழுந்தால் அதன் வாயில் யாரும் கை வைக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டேயே விடாதீர்கள். பல்லோ நகமோ கீறியிருந்தால், காயத்தில் எச்சில் பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று மாதத்தில் போடவேண்டிய வெறிநாய்த் தடுப்பூசியை 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று ஒன்றரை மாதம் தள்ளியிருந்தோம். மகளுக்கு அன்று சாயங்காலமே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி. அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களில் மற்றவை. குட்டியைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பூரி மூச்சு விடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கால் ஏன் விழுந்தது?

டாக்டரம்மா பூரியின் இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தை மடக்கிப் புறப்பக்கம் மேஜையில் படும்படி வைத்தார். அடுத்த நொடி பூரி பாதத்தைத் திருப்பிச் சரியாக வைத்துக்கொண்டது. மற்றக் காலும் அப்படியே. விரல் இடுக்கை லேசாகக் கிள்ளினார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது. "நரம்பு பேசுது" என்றார். மடக்கிய பாதத்தை அப்படியே விட்டுவிடுகிற குட்டிக்கு முதுகுத் தண்டிலோ மூளையிலோ சிக்கல் இருக்கலாமாம். பூரிக்குத் தடவிப் பார்த்ததில் வலி முழுக்க எலும்பில்தான். அப்போதுதான் நான் எதிர்பார்க்காத கேள்வி வந்தது: "என்ன சாப்பாடு போடுறீங்க?"

பெருமையாகவே சொன்னேன். காலையில் பால் சோறு. மத்தியானம் எலும்பில்லாத கோழிக்கறி, வாரத்தில் நாலு நாள் ஈரல். நாம் சாப்பிடுவதைவிட நல்ல சாப்பாடு!

எக்ஸ்ரே வந்தது. எலும்பென்றால் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக, ஓரம் கறாராகத் தெரியவேண்டும். பூரியின் தொடை எலும்பு சுற்றியுள்ள சதையோடு கலந்து சாம்பிராணிப் புகை மாதிரி இருந்தது. நடுவில் பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளக்குமே, அப்படி ஒரு முறிவு. சோபாவிலிருந்து குதித்ததே போதுமாம்.

கறியில் கால்சியம் ஒரு பங்கென்றால் பாஸ்பரஸ் பதினைந்து இருபது பங்கு. ஈரலில் அதைவிட மோசம். வளரும் குட்டிக்குக் கால்சியம்தான் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். சோற்றிலும் கால்சியம் இல்லை; அதன்மேல் ஊற்றுகிற ஒரு கரண்டித் தண்ணீர்ப் பால் எந்த மூலைக்கு? இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமே தடுமாறும் என்பதால், உடம்பு தன் எலும்பைக் கரைத்து அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும். பிறக்கும்போது அரைக் கிலோ இருக்கும் லாப்ரடார், நாலு மாதத்தில் பத்துக் கிலோவைத் தாண்டி விடும். எடை ஏற ஏற எலும்பு கரைந்துகொண்டே போனால் என்ன ஆகும்?

அப்படியானால் மாடி வீட்டு அக்கா சொன்னது சரிதானே? பாதிதான் சரி. பெரிய இன நாயின் குட்டிக்குக் கூடுதலாகப் போகும் கால்சியத்தை வேண்டாமென்று தள்ளும் திறன் குறைவு. குத்துமதிப்பாக டானிக் ஊற்றினால் எலும்பு வேறு விதமாகக் கோணும். வெயில் கதையோ முழுத் தப்பு. நம் தோல் போல நாயின் தோல் வெயிலில் தேவையான வைட்டமின் டி செய்துகொள்ளாது. அதற்கு அது சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

பூரிக்கு வந்தது இது. உங்கள் குட்டிக்கு வருவது இதுவாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. நம் ஊரில் உண்ணி இல்லாத தெருவே கிடையாது. காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வலித்து ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டும். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் சரிந்திருக்கும். உண்ணியைக் கொல்கிறேன் என்று மாட்டுக்கு ஊற்றும் மருந்தைக் குட்டிமேல் ஊற்றாதீர்கள், அந்த விஷமே அதைத் தள்ளாட வைக்கும். கண்ணில் பூளை, மூக்கில் சளி, காய்ச்சல் என்று இருந்து, சில வாரம் கழித்துத் தூக்கத்தில்கூட ஒரு கால் வெட்டிவெட்டி இழுத்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். குட்டியை விற்றவர் 'நைன் இன் ஒன் தடுப்பூசி போட்டாச்சு' என்று சொன்ன வாய்ச்சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சைக் கோழிக் கழுத்து போடுகிறவர்கள் கவனிக்க: ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்காலில் தொடங்கி நாலு காலும் துவண்டுபோகும் ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழிக்கும் தொடர்பைக் கண்டு 2018-ல் வெளியிட்டார்கள். பச்சைக் கோழியில் வரும் கேம்பிலோபாக்டர் கிருமிமேல்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

எது எப்படியானாலும், நாலு காலும் துவண்டு மூச்சு சிரமப்பட்டால், சிறுநீர் போகவில்லையென்றால், அந்த நிமிடமே கிளம்புங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சை உண்டு. தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு பலகையிலோ கெட்டி அட்டையிலோ படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். புறப்படுமுன் அது நடக்க முயல்வதைப் போனில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசனை பட்டதும் பயத்தில் நன்றாக நடந்து காட்டி டாக்டரையே ஏமாற்றும் குட்டிகள் உண்டு. மாத்திரை ஏதும் கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அட்டையையும் எடுத்துப் போங்கள்.

பூரிக்கு ஆறு வாரம் கூண்டு வாசம், டாக்டர் எழுதிக்கொடுத்த குட்டித் தீவனம், வழுக்காமலிருக்க ஹால் முழுக்கப் பழைய கோரைப்பாய். இப்போது மறுபடியும் செருப்புத் தூக்குகிறது. வலது பின்கால் மட்டும் லேசாக வளைந்தே கூடிவிட்டது. அது நிமிராது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் குட்டியின் தடுப்பூசி அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது? எழுந்துபோய் எடுத்து, வெறிநாய்த் தடுப்பூசிக்கு நேரே தேதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே போடுங்கள்.