பத்து நிமிடத் தீ

2000 மார்ச் 17. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிலிப்ஸின் சிப் தொழிற்சாலை மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே படக்கூடாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. அந்தச் சிப்புகளை நம்பியிருந்த செல்போன் கம்பெனிகள் இரண்டு: நோக்கியா, எரிக்சன். ஒரு வாரம் தாமதமாகும்னு இரண்டுக்கும் தகவல் போனது.

நோக்கியாவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பாகம் வரத் தாமதமானால், சின்ன விஷயமானாலும் மேலே சொல்லணும். அது கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிடும். ஏறியதும் தினமும் விசாரித்தார்கள். நிலைமை மோசம் என்பது சீக்கிரமே தெரிந்தது. பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு சப்ளையர்களிடமும் முந்திக்கொண்டார்கள். எரிக்சனில் தகவல் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது மாற்று வழியே இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போச்சு. அதுக்கப்புறம்தான் அவர்களும் சப்ளையர் அபாயங்களை முறையாகக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள்.

ப்ராசஸ்னா ஃபார்ம் நிரப்புவதுன்னு நாம் சலித்துக்கொள்கிறோம். அதன் முக்கியமான வேலை, கெட்ட செய்தியை யார் மேஜையிலும் தூங்கவிடாமல் நகர்த்துவது. சர்வர் விழுந்த பிறகு அடிக்கிற அலாரத்தால் என்ன பயன்?

உங்க ஆபீசில் ஒரு சின்னத் தாமதம் முடிவெடுப்பவர் காதுக்குப் போக எத்தனை நாளாகும்? எண்ணிப் பாருங்கள்.