சுவருக்குச் சட்டை தைக்கும் கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. சுவரில் ஒட்டும் தாளுக்கும் அது பொருந்தும் என்பதை நாம் பட்டறிந்தே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளவத்தையில் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றிலுள்ள மாடி வீட்டில், எமது சகோதரியின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணப்பெண்ணை இருத்திப் படம் எடுக்கவேண்டிய முன்னறைக்குச் சுவர்த்தாள் ஒட்டுவதென்று முடிவாயிற்று. எத்தனை சுருள் வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, "கணக்குத்தானே, நாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்வந்தவர்கள் நாமே. அந்தப் பெருமை ஒரு வாரங்கூட நிலைக்கவில்லை.

நாம் செய்த பிழை

அறையின் நீளம் 3.6 மீற்றர், அகலம் 3 மீற்றர், உயரம் 2.8 மீற்றர். நான்கு சுவர்களின் சுற்றளவு 13.2 மீற்றர். அதனை உயரத்தாற் பெருக்கினால் பரப்பளவு ஏறத்தாழ 37 சதுர மீற்றர். கதவொன்றுக்கும் யன்னலொன்றுக்குமாக 3.3 சதுர மீற்றரைக் கழித்தோம். எஞ்சியது 33.7. நாம் வாங்கிய சுருள் 10.05 மீற்றர் நீளமும் 53 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. பழைய அளவிற் சொன்னால் ஏறக்குறைய 11 யார் நீளம், 21 அங்குல அகலம். அதன் பரப்பு 5.3 சதுர மீற்றர். வகுத்துப் பார்த்தோம், ஆறேகால் சுருளுக்குச் சற்று மேல் வந்தது. ஏழு சுருள் வாங்கி, மிச்சமும் வரும் என்று மகிழ்ந்தோம்.

வேலைக்கு வந்த பாஸ் நான்காவது சுவரின் நடுவில் நின்றுவிட்டார். "ஐயா, இன்னும் மூன்று பட்டிக்குத் தாள் இல்லை" என்றார்.

பட்டியை எண்ணுக

மாணவர்களே, பள்ளியில் கற்ற பரப்பளவு வாய்பாடு பொய்யா? பொய்யன்று, அது பூச்சுக்கு உரியது. பூச்சு எம்மூலைக்கும் ஓடிப் பரவும். தாளோ தரையிலிருந்து மேற்றளம் வரை ஒரே துண்டாக நிற்கவேண்டும். ஆகவே சதுர மீற்றரை விட்டுவிட்டுப் பட்டிகளை எண்ணவேண்டும்.

சுற்றளவு 13.2 மீற்றரை 0.53 ஆல் வகுத்தால் 25 பட்டிகள். மேலும் கீழும் வெட்டிச் சீராக்குவதற்கு 10 சென்ரிமீற்றர் சேர்த்தால் ஒரு பட்டியின் நீளம் 2.9 மீற்றர். ஒரு சுருளில் மூன்று பட்டிகளே கிடைக்கும், 1.35 மீற்றர் எஞ்சும். அந்தத் துண்டு கதவின் தலைமேலும் யன்னலின் கீழும் பயன்படுமேயன்றி முழுப் பட்டியாகாது. நமது ஏழு சுருளில் 21 பட்டிகளே இருந்தன. யன்னலினால் ஒரு பட்டி குறைந்து 24 தேவைப்பட்டது. ஆகவே எட்டுச் சுருள் வேண்டும். கிழிசலுக்கும் பிற்காலத் திருத்தத்துக்கும் இன்னொன்று சேர்த்து ஒன்பது வாங்கியிருக்கவேண்டும்.

பூப்போட்ட தாளின் குறும்பு

கட்டம் போட்ட துணிக்குத் தையற்காரர் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்? தோளிலும் பக்கத்திலும் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்பதற்காக. பூப்போட்ட தாளும் அவ்வாறே. அதே பூ எத்தனை சென்ரிமீற்றருக்கு ஒருமுறை மீண்டும் வருகின்றது என்பது சுருளின் உறையில் குறிக்கப்பட்டிருக்கும். பட்டியின் நீளத்தை அவ்வளவின் முழு மடங்காக உயர்த்திக்கொள்ளவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் அயலிலுள்ள பழைய வீடொன்றை நினைத்துக்கொள்வோம். தரையளவு நமது அறையை ஒத்ததே. மேற்றளம் மட்டும் 3.2 மீற்றர் உயரம். பூவற்ற தாளாயின் பட்டி 3.3 மீற்றர், சுருளுக்கு மூன்று, 25 பட்டிகளுக்கு ஒன்பது சுருள் போதும். 64 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை பூ மீளும் தாளாயின், பட்டி ஆறு மடங்காகி 3.84 மீற்றராகும். சுருளுக்கு இரண்டே பட்டிகள்! தேவை பதின்மூன்று சுருள். அறை மாறவில்லை; பூ ஒன்றே நான்கு சுருளின் விலையைக் கூட்டிவிட்டது. குடும்பத் தலைவிகள் கடைக்குப் போகுமுன் இதனை மனத்திற் கொள்வது நலம்.

ஈரம் பொல்லாதது

கொழும்பில் வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சுவர்களை நனைக்கும். பழைய செங்கற் சுவர்களில் நிலத்தடி ஈரமும் மேலேறும். ஈரச் சுவரில் ஒட்டிய தாளின் பின்னே பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் மேற்பூச்சுள்ள தாளாயின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். ஒரு சிறிய பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் முத்துக்கள் அரும்பினால் அச்சுவருக்குத் தாள் வேண்டாம். முதலில் ஈரத்துக்கு வழி தேடுங்கள். பின்னர் பூச்சே போதும் எனின், ஒரு லீற்றர் ஒரு தடவைக்குச் சுமார் 10 சதுர மீற்றரை மூடும். நமது அறைக்கு இரு தடவை பூச 7 லீற்றர் போதுமானது. இங்கே பரப்பளவுக் கணக்கு தவறாது.

எட்டாவது சுருள்

கதையின் முடிவைச் சொல்லாது விடலாமா? குறைந்த மூன்று பட்டிகளுக்காகக் கடைக்கு ஓடினோம். அதே பெயர், அதே பூ, அதே இலக்கம் உள்ள சுருள் கிடைத்தது. ஆனால் உறையில் அச்சிட்ட தொகுதி எண் வேறு. தொகுதிக்குத் தொகுதி சாயம் சற்றே மாறுபடும் என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். ஒட்டி முடிந்ததும் சுவரில் ஐந்தடி அகலத்துக்கு மஞ்சள் சாயல் ஏறித் தெரிந்தது. மாற்றுவதற்கு நாளுமில்லை, பணமுமில்லை.

திருமணப் படம் இன்றும் அவ்வீட்டில் மாட்டியிருக்கின்றது. நாம் செல்லும்போதெல்லாம் மருமகள் அதனைக் காட்டிச் சிரிப்பாள்: "மாமா, உங்கட கணக்குப் பிழைச்ச இடத்திலதான் நான் இருக்கிறன்!"

தேவையான சுருள் யாவும் ஒரே நாளில், ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். எஞ்சிய உறை பிரிக்காத சுருளைத் திருப்பி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மிஞ்சிய சுருள் அலுமாரியின்மேல் ஒரு மூலையில் கிடக்கும். குறைந்த சுருளோ ஆயுள் முழுவதும் சுவரில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.