ஸ்கிரீன்ல தெரியுறது ஃபைல் பேர் இல்லை

இன்னிக்கு சின்ன எபிசோட்தான். ஆனா என்னைக்காவது உங்க ஃபைல் ஒண்ணைக் காப்பாத்தும்.

ஒரு ஃபோல்டர்ல ரெண்டு ஃபைல் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு 'நோட்ஸ்'. இன்னொண்ணு 'பழைய நோட்ஸ்', நடுவுல ஒரு ஸ்பேஸ். பழசை மட்டும் தூக்கணும். 'பழைய'ன்னு ஆரம்பிக்கிற பேரை எல்லாம் எல்எஸ்-ல லிஸ்ட் எடுத்து, பைப் போட்டு, எக்ஸ்ஆர்க்ஸ் வழியா ஆர்எம்-க்கு அனுப்புறோம். என்ன ஆகும்?

ஸ்பேஸ் வர்ற இடத்துல எக்ஸ்ஆர்க்ஸ் பேரை ரெண்டா வெட்டிடும். ஆர்எம் முதல்ல 'பழைய'ங்கிற ஃபைலைத் தேடும். அப்படி ஒண்ணு இல்லைன்னு எரர் வரும். அடுத்தது 'நோட்ஸ்'. அது நிஜமாவே இருக்கே! அழிச்சிடும். பழசு பத்திரமா இருக்கும், புதுசு போயிடும். திரும்ப எடுக்க ரீசைக்கிள் பின்னும் கிடையாது.

லினக்ஸைப் பொறுத்தவரை ஃபைல் பேர்ங்கிறது வெறும் பைட்டுகளோட வரிசை. ஸ்லாஷும் ஜீரோ பைட்டும் மட்டும்தான் வரக்கூடாது. ஸ்பேஸ், எமோஜி, ஏன், என்டர் தட்டினா வர்ற புது வரிகூட பேருக்குள்ள இருக்கலாம். அதை நமக்கு எப்படிக் காட்டுறதுன்னு ஒவ்வொரு டூலும் தானா முடிவு பண்ணுது.

2016-ல வந்த குனு கோர்யுடில்ஸ் 8.25-ல இருந்து, இந்த மாதிரிப் பேரை எல்எஸ் மேற்கோள் குறிக்குள்ள காட்டுது. அந்தக் குறி பேர்ல கிடையாது. டெர்மினல்ல காட்டும்போது மட்டும் சேர்க்குறது. பைப்ல போகும்போது அது இருக்காது. அதாவது கண்ணுக்கு ஒரு லிஸ்ட், அடுத்த டூலுக்கு வேற லிஸ்ட்.

கிட்-ல தமிழ்ப் பேர் வச்சவங்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. 'கணக்கு'ன்னு ஃபைல் போட்டா, கிட் ஸ்டேட்டஸ்ல \340\256\225-ன்னு ஆரம்பிச்சு நம்பரா கொட்டும். நானும் முதல் தடவை ஃபைலே கெட்டுப்போச்சுன்னு பயந்தேன். ஒண்ணும் ஆகலை. யுடிஎஃப்-8-ல 'க' மூணு பைட்டு. அந்த மூணையும்தான் கிட் எட்டடிமான எண்ணா எழுதிக் காட்டுது. கோர் டாட் கோட்பாத் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கினா தமிழ் தமிழாவே தெரியும்.

சரி, அந்த ஃபைலை எப்படித்தான் அழிக்கிறது? நடுவுல எல்எஸ்ஸே வேண்டாம். ஆர்எம், ஒரு ஸ்பேஸ், 'பழைய', ஒட்டி ஒரு ஸ்டார். அவ்வளவுதான். ஷெல் முழுப் பேரையும் வெட்டாம கொடுத்துடும். பெரிய வேலைன்னா, ஃபைண்ட்-ல 'மைனஸ் பிரிண்ட்0', எக்ஸ்ஆர்க்ஸ்-ல 'மைனஸ் 0'. பேருக்குள்ள வரவே முடியாத ஜீரோ பைட்டை வச்சு இது பேர்களைப் பிரிக்குது, அதனால குழப்பத்துக்கு வழியே இல்லை. 2024 போசிக்ஸ் தரநிலையில இதையும் சேர்த்துட்டாங்க.

எல்எஸ் நாம பார்க்கிறதுக்கு. ஸ்கிரிப்ட்டுக்கு அதைச் சாப்பாடா போடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!