செங்கல் தந்த பெயர்: பிரிக்பீல்ட்ஸ்

ஊர்ப்பெயர்கள் பலவற்றில் வரலாறு உறைந்து கிடக்கின்றது. கோலாலம்பூரிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் அவற்றுள் ஒன்று. செங்கல் அறுக்கும் நிலம் என்பதே அப்பெயரின் பொருள்.

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு அமைத்த வீடுகள் அழிந்தன. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடம் எழுப்பப் பணித்தார். சீனர் தலைவர் யாப் ஆ லோய் இங்கே சூளைகளை அமைத்தார். புதிய நகருக்குச் செங்கல் இம்மண்ணிலிருந்து சென்றது.

1886இல் கோலாலம்பூருக்கு இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இவ்வட்டாரத்தில் இரயில்வே பணிமனைகளும் குடியிருப்புகளும் தோன்றின. நம் முன்னோர் தோட்டங்களில் பால்மரம் சீவிய காலத்தில், இங்கே தமிழகத் தொழிலாளர் தண்டவாளத்தைப் பேணினர். யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகப் பணியாற்றினர். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் நிறுவப்பெற்றது.

பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. வானளாவிய கட்டடங்கள் பெருகின. பழைய வீடுகள் பல மறைந்தன. 2014இல் ஆசிரம நிலத்திலும் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிப்பட்டது. மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2016இல் ஆசிரமம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

மாணவச் செல்வங்களே! வரலாற்றை அறிந்தோர் குரல் கொடுத்தமையால் அவ்விடம் நிலைத்தது. நாம் வாழும் தோட்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆலயம், பள்ளி, லயன்வீடு ஆகியவை எழுந்த கதையைப் பெரியோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போமாக!