ஸ்பானிய வானிலைத் தொடர்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

அயல்மொழி கற்பவர் தொடக்க நிலையிலேயே பயிலும் பாடங்களுள் வானிலை பற்றிய உரையாடலும் ஒன்று. எளிதாகத் தோன்றும் இப்பாடம் மொழிபெயர்ப்பாளர்க்குச் சில சிக்கல்களை உண்டாக்குகிறது. ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கும் தமிழர் எவ்விடங்களில் வழுவ நேர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. எடுத்துக்காட்டுகள் இலத்தீன் அமெரிக்க ஒலிப்பைத் தழுவியவை.

1. எழுவாயும் வினையும்

ஆங்கில வானிலைத் தொடர் 'இட்' என்னும் பொருளற்ற எழுவாயை வேண்டி நிற்கும். ஸ்பானியத்தில் அத்தகைய எழுவாய் இல்லை. 'யுவேவே' என்னும் வினைமுற்றுத் தனித்து நின்றே 'மழை பெய்கிறது' எனப் பொருள் தரும். தமிழில் 'குளிர்கிறது', 'புழுங்குகிறது' என்பனவும் இவ்வாறு எழுவாயின்றி வருவனவே. பிற தொடர்களில் ஸ்பானியம் மூன்று வினைகளைக் கையாளுகிறது.

(அ) 'செய்' எனப் பொருள்படும் வினை: ஆசே ஃப்ரீயோ (குளிராக இருக்கிறது), ஆசே சோல் (வெயில் அடிக்கிறது), ஆசே வியெந்தோ (காற்று வீசுகிறது).

(ஆ) 'உண்டு' எனப் பொருள்படும் வினை: ஆய் நியெப்லா (மூடுபனி உள்ளது).

(இ) நிலையைக் குறிக்கும் 'இரு' என்னும் வினை: எஸ்தா நுப்லாதோ (மேகமூட்டமாக இருக்கிறது).

ஸ்பானியத்தில் 'செய்' என்னும் ஒரு வினை குளிர், வெயில், காற்று ஆகிய அனைத்திற்கும் பொதுவாக நிற்கிறது. தமிழிலோ ஒவ்வொரு பெயருக்கும் உரிய வினை மரபால் அமைந்துள்ளது. எனவே மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிய வினையை நோக்காது பெயரை நோக்கியே தமிழ் வினையைத் தேர்தல் வேண்டும்.

2. பெயரும் பெயரடையும்

'ஆசே ஃப்ரீயோ' என்பதில் 'ஃப்ரீயோ' பெயர்ச்சொல். ஆதலின் மிகுதியை உணர்த்த 'ஆசே மூச்சோ ஃப்ரீயோ' என்பர். பெயரடைக்கு முன் வரும் 'முய்' இங்கு வாராது. 'லா சோபா எஸ்தா முய் ஃப்ரீயா' (சூப்பு மிகவும் ஆறியிருக்கிறது) என்பதில் அச்சொல் பெயரடையாதலின் 'முய்' ஏற்பதோடு, பெண்பாற் பெயரான 'சோபா'வுக்கு இயையப் பெண்பால் ஈறும் பெறுகிறது.

3. உணர்பவரைக் குறித்தல்

குளிரை உணர்பவர் 'தெங்கோ ஃப்ரீயோ' என்பார். 'குளிரை உடையேன்' என்பது இதன் சொல்லுக்குச் சொல்லான பொருள். தமிழ் இதனை நான்காம் வேற்றுமையால் 'எனக்குக் குளிர்கிறது' எனக் கூறும். ஆங்கிலத் தொடரைப் பின்பற்றி 'எஸ்தோய் ஃப்ரீயோ' எனின், உடல் தொடுவதற்குச் சில்லிட்டிருப்பதாகவே பொருள்படும். வெப்பத்தைக் கூற 'தெங்கோ கலோர்' என்பதே முறை. 'எஸ்தோய் கலியெந்தே' என்பது காமக் குறிப்புடைய தொடராகிவிடும்.

4. பருவப் பெயர்கள்

'இன்வியெர்னோ' என்பதற்கு அகராதி தரும் முதற்பொருள் குளிர்காலம். ஸ்பெயினில் இப்பருவம் திசம்பரிலும், தென்கோளத்து அர்ஜென்டினாவில் சூனிலும் தொடங்கும். கொலம்பியா, ஈக்வடார், நடு அமெரிக்க நாடுகள் முதலிய வெப்ப மண்டலப் பகுதிகளிலோ இச்சொல் மழைக்காலத்தையும், 'வெரானோ' மழையற்ற காலத்தையும் பெரிதும் குறிக்கும். கொலம்பியப் புதினத்தில் வரும் 'இன்வியெர்னோ'வைக் குளிர்காலம் எனப் பெயர்த்தால் கதைநிகழ் களமே மாறிவிடும்.

வானிலைத் தொடரைப் பெயர்ப்பவர் ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாது, சொல் வழங்கும் நிலத்தையும் தமிழ் மரபையும் நேரே ஒப்பிட்டு நோக்குவாராயின் இவ்வழுக்கள் பெரிதும் நீங்கும்.